இன்னாசி கரைந்திருந்த தண்ணீர்

பார்க்கர் லைனில் மூன்றாவது போர்வெல் போட்ட அன்று, முதல் குடத்திலேயே இன்னாசி வந்துவிட்டார். ஆளாக அல்ல. தண்ணீரில் உப்பு இருப்பதுபோல, கண்ணுக்கும் கைக்கும் அகப்படாமல், பிளாஸ்டிக் குடம் எவர்சில்வர் குடம் என்று பாரபட்சம் பார்க்காமல் கரைந்து வந்தார். குழாயடியில் எப்போதும் முதல் ஆளாக நிற்கும் பவுனம்மா ருசி பார்க்க ஒரு வாய் ஏந்திக் குடித்தாள். வாயைத் துடைக்கும் முன்பே, அவளுடையதல்லாத, கல்தூசி அடைத்த ஓர் ஆண் குரலில், "பவுனு, உங்க வூட்டு ஏணிய கோயிலுக்குப் பின்னால சாத்தி வச்சிருக்கேன், மழைக்கு முன்னால எடுத்துக்கோ" என்றாள். அப்படிச் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. "தண்ணி சப்புன்னு கீது" என்று மட்டும் தன் குரலில் சொன்னாள். வரிசையில் நின்ற பெண்கள்தான் கேட்டார்கள். கேட்டவுடன் குரலையும் கண்டுகொண்டார்கள், ஏனென்றால் அந்த ஏணியை இன்னாசி இரவல் வாங்கிப்போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லோருமாகக் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். ஏணி இல்லை. சுவரில் ஏணி உயரத்துக்கு இரண்டு கரையான் கோடுகள் இருந்தன. "சொன்ன எடத்துலதான் வச்சிருக்கான், பாவம்" என்று திரும்பி வந்து குடங்களை நிரப்பிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர், தங்கம் தீர்ந்து சுரங்கம் மூடிய ஊர். கன்னட நாட்டுக்குள் நாங்கள் தமிழ் பேசிக்கொண்டு, தகரக் கூரை போட்ட, லைன் என்று சொல்கிற வரிசை வீடுகளில், அரைத்த பாறையைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைடு மேடுகளின் காலடியில் குடியிருக்கிறோம். விடியற்காலை ரயிலில் பாதி ஊர் பெங்களூருக்குப் போய் வாட்ச்மேன் வேலையும் கூட்டிப் பெருக்கும் வேலையும் லிஃப்டில் பொத்தான் அமுக்கும் வேலையும் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்பி வரும். சுரங்கம் ஓடிய காலத்தில் இன்னாசி அதில் துளை போடுகிறவராக இருந்தார். அவருக்கு ஜோடி தொம்மை; ஒரே மெஷினை இருவருமாகப் பிடித்துப் பாறையைக் குடைவார்கள், அடுத்தடுத்த வீடு, ஒரே சோப்பு டப்பா. ஒருநாள் கீழே பாறை வெடித்து ஒரு குகையே மூடிக்கொண்டது. அன்று இன்னாசிக்கு வார லீவு. லீவுக்காரன் கீழே இறங்கியிருக்க முடியாது என்பதால் செத்தவர்களில் அவரை யாரும் சேர்க்கவில்லை; ஆனால் மேலேயும் அவர் இல்லை. சாயங்காலம் தொம்மைதான் வந்து, "பம்பாய்க்குப் போறேன் பம்பாய்க்குப் போறேன்னு பத்து நாளா சொல்லிக்கினு இருந்தான்" என்றார். அப்படியானால் பம்பாய்தான் என்று லைன் முடிவு செய்தது. பம்பாய் என்றால் கூட ஒருத்தி இருப்பாள் என்றும் சேர்த்து முடிவு செய்தது.

இன்னாசியின் மனைவி சற்குணம் அந்த முடிவை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஊதுபத்தி உருட்டிப் பிழைத்தாள். தாலியைக் கழற்றவில்லை, தாலி தெரியும்படியும் நடக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவர்த்தி வாங்கும்போது அவளும் ஒரு பாக்கெட் வாங்குவாள், கொளுத்தக் கல்லறை இல்லாததால் வீட்டுக்குக் கொண்டுவந்து கரண்டு போகும்போது உபயோகிப்பாள். விட்டுவிட்டுப் போனாரா, செத்துப்போனாரா என்கிற ஒன்று மட்டும் தெரிந்தால் போதும் என்று பவுனம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தெரிந்து என்ன செய்வாய் என்று பவுனம்மா கேட்டதற்கு, "திட்டறதா அழறதான்னு தெரியாமலே வயசாயிடுச்சுக்கா, ஏதாவது ஒண்ண செய்வேன்" என்றாளாம்.

தண்ணீரில் அவர் வந்ததும், செத்துத்தான் போயிருக்கிறார், கீழேதான் கிடந்திருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். லைன் சங்கத்துக்குத் தலைவராகியிருந்த தொம்மை அதை ஒப்பவில்லை. "பம்பாயில மழை ஜாஸ்தி. பூமிக்குள்ள எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான். அங்க செத்தவன் இங்க வரக்கூடாதுன்னு சட்டம் கீதா?" என்று கேட்டார். அப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாருக்கும் தெரியாததால் பேச்சு அங்கேயே நின்றது.

கொஞ்ச நாளில் பழகிவிட்டது. இன்னாசியின் போக்கு எங்களுக்குப் பிடிபட்டது. எந்த வீட்டுக்குள் வைத்துக் குடிக்கிறோமோ (குழாயடியில் என்றால் குடித்தவரின் வீடு), அந்த வீட்டில் அவர் எதை விட்டுவிட்டுப் போனாரோ அதைத்தான் எடுத்துப் பேசுவார், குடித்தவருக்கு அது தெரியாது, சுற்றி இருப்பவர்களுக்குத்தான் கேட்கும், ஒரு வாய்க்கு ஒரு பேச்சு, அதற்கு மேல் எவ்வளவு குடித்தாலும் கிடையாது. ஒரு வீட்டில் பாதியில் விட்ட தாயக்கட்டை ஆட்டத்துக்கு, "ஈராறு போட்டேன், காய நகத்து" என்பார். ஒரு வீட்டில், அந்த வீட்டுக்காரன் கீழே பயந்து அழுததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் உறுதி கொடுப்பார். பங்குச் சாமியார் பிஷப்பின் மேற்றிராசனத்திலிருந்து புதிதாக வந்தவர், ஆனாலும் பழைய சாமியார் நின்ற அதே பீடத்தில் நின்று குடித்ததால், திருப்பலிக்கு முன் தொண்டையை நனைத்துக்கொண்ட கையோடு, "சாமி, பிரசங்கத்த கொஞ்சம் சுருக்குங்க, நைட் ஷிஃப்ட் ஆளுங்க தூங்குறாங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சொல்லப்போன பிரசங்கம் அதனால் மாறவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதை நிறுத்திச் சோடா கொடுக்க ஆரம்பித்தோம். ரயிலில் பாட்டிலைக் கொண்டுபோகிறவர்கள் லைன் எல்லையைத் தாண்டியதும் தைரியமாகக் குடிக்கலாம். பெங்களூரில் யாரிடமும் அவர் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

பேசாத வீடு என்று நாங்கள் கணக்கு வைத்தது ஒன்றே ஒன்றுதான். சற்குணத்தின் வீடு.

அவள் குடித்தாள். பவுனம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் குடித்தாள். பிறகு பவுனம்மாவைக் குடிக்கவைத்துத் தான் கேட்டாள். பெரிய வாயாகவும் சின்ன வாயாகவும், வெந்நீராகவும் மோராகவும் குடித்துப் பார்த்தார்கள். பவுனம்மாவுக்கு ஏப்பம்தான் வந்தது. ஊர் முழுக்கப் பேசுகிற மனுஷன் சொந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் அந்த வீட்டில் அவர் விட்டுவிட்டுப் போனது ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம். இதை யாரும் சற்குணத்தின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. குழாயடியில் அவளுக்கு முதலில் இடம் விட்டார்கள். அவளுக்கு அது புரிந்தது. "வேணாங்கா, வரிசையிலயே வரேன்" என்றாள்.

இந்த நிலையில்தான் நூர்ஜஹான் வந்தாள். வாணியம்பாடிப் பெண், பெங்களூரில் தண்ணீரையும் பாறையையும் ஆராய்ச்சி செய்கிறவள். பெட்டி நிறையச் சின்னச் சின்னப் பாட்டில்களோடு வந்து வீடு வீடாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள், திரும்பி வந்தபோது குழாயடியில் நின்றபடி, "இந்தத் தண்ணியில யுரேனியம் இருக்கு, குடிக்காதீங்க" என்றாள்.

"அணுகுண்டு போடுவாங்களே, அதா?" என்று கேட்டாள் பவுனம்மா.

"அதேதாம்மா. ஆனா யாரும் கொண்டுவந்து போடல. பாறையிலயே இருக்கிறது. ரொம்ப ஆழத்துல போர் போட்டிருக்கீங்க, அங்கிருந்து கரைஞ்சு வருது. கொஞ்சம் கொஞ்சமாக் கிட்னியைக் கெடுக்கும்."

"அதுல ஒரு ஆளும் கரைஞ்சு வராரும்மா."

"கேட்டேன்," என்றாள் நூர்ஜஹான். முதல் நாளே நாலைந்து வீடுகளில் கேட்டிருந்தாள். "ஆளை அளக்க எங்ககிட்ட மெஷின் இல்ல. யுரேனியத்தை அளக்கலாம். போர் தண்ணி குடுத்த வீட்டுலயெல்லாம் அதிகம். ஒரே ஒரு வீட்டுல மட்டும் இல்லவே இல்ல, அது எப்படின்னுதான் பாக்க வந்தேன்."

எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சற்குணத்தைப் பார்த்தார்கள்.

சற்குணத்தின் வீட்டில் தண்ணீர் ஒரே ஒரு மண்பானையில், வாய் வரைக்கும் நிரப்பி, தட்டுப் போட்டு மூடி, தட்டுக்குச் சுற்றிலும் ஈரத்துணி சுற்றி இருக்கும். நூர்ஜஹான் தட்டை எடுத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, அடிவரை கைவிட்டுத் துழாவி, கைப்பிடி அளவுக்கு ஒரு கல்லை எடுத்தாள். ஒரு மூலையில் மட்டும் பித்தளைபோல மஞ்சளாக மின்னியது. மற்ற இடமெல்லாம் கறுப்புத் தோல் படிந்திருந்தது.

"இது எப்படிம்மா பானைக்குள்ள?"

சற்குணத்துக்கு முதலில் வெட்கமாக இருந்தது. "பித்தளைக்கல்லும்மா. சுரங்கத்துல கெடைக்கும். கல்யாணம் ஆன புதுசுல தங்கம்னு சொல்லிக் கொண்டாந்து குடுத்தாரு. நானும் நம்பித் தட்டானாண்ட எடுத்துக்கினு போய் அசிங்கப்பட்டேன். வந்த கோவத்துல பானைக்குள்ள போட்டு, இதையே குடிச்சிக்கினு இரு, தங்க பஸ்பம்னேன். அவரு சிரிச்சிக்கினே குடிச்சாரு. அப்புறம் எடுக்கல."

நூர்ஜஹான் கல்லை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பேசினால் எங்களுக்குப் புரியும். ஒன்றையும் பெரிசாக்கிச் சொல்லமாட்டாள்.

"யுரேனியம் பாறைக்குள்ள இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கும். காத்து கலந்த தண்ணி போய்த் தொட்டா, அதுகிட்ட இருக்கிற எலக்ட்ரான்ல ரெண்டு போயிடும். பறிகொடுத்ததும் அது தண்ணியில கரைஞ்சு அலைய ஆரம்பிச்சிடும். இங்க தண்ணியில சோடா உப்பு வேற ஜாஸ்தி, அது கையைப் பிடிச்சுக்கிட்டு எங்க வேணும்னாலும் போகும். ஆனா இந்த மாதிரிக் கல்லு, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லு, வழியில கிடைச்சா அதோட மேல வந்து ஒட்டும். உள்ள போகாது, மேல்பரப்புலதான். ஒட்டினதும் கல்லு தன்கிட்ட இருந்து எலக்ட்ரானைக் குடுத்துடும். போனது திரும்பக் கிடைச்சா அப்புறம் அதுக்கு அலையற வேலை இல்ல. கறுப்பாப் படிஞ்சு உக்காந்துடும். தண்ணியில கரையாது."

"குடுத்த கல்லு?" என்று கேட்டாள் சற்குணம்.

"அது கொஞ்சங் கொஞ்சமாத் துருப்பிடிக்கும்."

பவுனம்மாவுக்கு இதில் வேண்டியது மட்டும் வேண்டியிருந்தது. "அலைஞ்சா பேசும், உக்காந்துட்டா பேசாது. அவ்ளோதான?"

"யுரேனியம் பேசாதும்மா."

"நாங்க இன்னாசியச் சொல்றோம்."

நூர்ஜஹான் கல்லை மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "அவரும் அப்படித்தான் போலிருக்கு," என்றாள். "லேப்ல இதைச் செய்யணும்னா காத்தே புகாத பாட்டில் வேணும். ஒரு மண்பானையில இவ்வளவு தூரம் எப்படி நடந்ததுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

சற்குணம் கல்லைக் கையில் வாங்கி, கறுப்புத் தோலின்மேல் கட்டைவிரலை வைத்தாள். "அப்ப என் வூட்டுக்கும் வந்துக்கினுதான் இருந்தாரா?"

"தினமும்," என்றாள் நூர்ஜஹான்.

அன்று சாயங்காலம் சற்குணம் கல்லை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, பானையைக் கழுவி, குழாயடியிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்தாள். கிட்னிக்குக் கெடுதல் என்று தெரிந்த பிறகு பவுனம்மா ஒரு வாய்க்குத்தான் சம்மதித்தாள். வீட்டுக்குள் பதினைந்து பேர், வாசலில் அதற்கு மேல். பவுனம்மா குடித்தாள். இன்னாசியின் குரல் வந்தது, கொஞ்சம் குழப்பத்தோடு, ஏற்கெனவே சொல்லிவிட்டதைத் திரும்பக் கேட்கிறார்களே என்பதுபோல.

"சற்குணம், தொம்மை சொல்லல உன்கிட்ட?"

அவ்வளவுதான். பவுனம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடி, பேசினாரா?" என்றாள்.

சற்குணம் நேரே அடுத்த வீட்டுக்குப் போனாள். தொம்மை கட்டிலில் உட்கார்ந்து தலைமுடிக்கு மை தடவிக்கொண்டிருந்தார்.

"தொம்மையண்ணா, எனக்கு இன்னாவோ சொல்லச் சொன்னாராம் உங்களாண்ட."

"யாரு?"

"அவருதான்."

"நான் இன்னாத்த கண்டேன் தங்கச்சி? பம்பாய்க்குப் போறேன்னான், அதத்தான் அன்னிக்கே சொன்னேன். தண்ணியில கரைஞ்சவன் ஒளர்றதுக்கெல்லாம் நான் ஜவாப்தாரியா?" என்று சொல்லி, மை இல்லாத பக்கத்தைக் கண்ணாடிக்குத் திருப்பினார். அப்போதுதான் சற்குணம் மூலையில் இருந்த கேனைப் பார்த்தாள், கடையில் விற்கிற கேன் தண்ணீர், அதன் பக்கத்தில் காலியானவை மூன்று. இந்த வீட்டில் இன்னாசி பேசி யாரும் கேட்டதில்லை என்பது அதுவரைக்கும் லைனில் யாருக்கும் உறுத்தவில்லை. தலைவர் வீடு என்பதால் மரியாதையாகப் பேசாமல் இருக்கிறார் போலும் என்று நினைத்துவிட்டோம்.

இதற்கிடையில் லைன் முழுக்கப் பித்தளைக்கல் ஜுரம் பிடித்தது. கழிவுப்பாறை மேட்டில் அது வேண்டிய மட்டும் கிடந்தது. வீட்டுக்கு ஒன்று பொறுக்கிவந்து பானையில் போட்டோம்; மூன்றே நாளில் பேச்சு அடங்கி, மாமியார்களும் மருமகள்களும் தங்கள் சொந்தக் குரலில் சண்டைபோடத் தொடங்கினார்கள். ஆனால் எங்கள் பெண்களுக்குக் கறுப்புப் பிடித்த எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சனிக்கிழமை பாத்திரம் தேய்க்கும்போது கல்லையும் எடுத்து, சோடா உப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மறுபடி பானைக்குள் போட்டார்கள். ஒரு வாரம் முழுக்கப் படிந்த இன்னாசி, சோடாவோடு சேர்ந்து ஒரேயடியாகக் கரைந்து வெளியே வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் பார்த்ததில்லை. வாய் திறந்தவர்கள் எல்லோரும் இன்னாசியாக இருந்தார்கள், நாற்பது வீட்டில் நாற்பது பேர் ஒரே குரலில் ஏணியையும் தாயக்கட்டையையும் பற்றிப் பேச, யார் யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல், கடைசியில் எல்லோரும் ஜாடையால் சோறு கேட்டுச் சாப்பிட்டோம்.

நூர்ஜஹான் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "சோடாவாலயா தேய்ச்சீங்க? வேற எதுவா இருந்தாலும் பரவாயில்லையே."

"கறுப்பா இருந்துச்சும்மா," என்றார்கள்.

பானை வைத்தியம் உதவாது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. போர்வெல்லுக்குத் தண்ணீர் வருகிற பக்கம், மண்ணுக்குள், குறுக்கே ஆழமாக ஒரு பள்ளம் வெட்டி, பித்தளைக்கல்லை உடைத்து நிரப்பி, காற்றுப் புகாமல் களிமண் போட்டு மூடிவிட்டால், வருகிற தண்ணீர் கல்லைத் தொடாமல் லைனுக்குள் வர முடியாது, அலைகிறதெல்லாம் அங்கேயே உட்கார்ந்துவிடும், கல்லின் மேல்தோல் நிறைகிற வரைக்கும், அதாவது எங்கள் காலம் முடிகிற வரைக்கும், கவலையில்லை என்றாள். கையால் தேய்க்க முடியாத ஆழத்தில் இருக்கும் என்பதை இரண்டு முறை சொன்னாள். நகரசபை ஜேசிபி கொடுத்தது. இந்த யோசனையை முதலில் கைதூக்கி ஆதரித்தவர் தொம்மை. நின்றுகொண்டே அரைமணி நேரம் ஆதரித்தார். பள்ளம் வெட்டுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினார்.

சற்குணம் அவரிடம் மறுபடி இரண்டு முறை போய்க் கேட்டாள். முதல் முறை தலைவலி என்றார். இரண்டாம் முறை, "இத்தினி வருஷம் கழிச்சு ஒரு தண்ணிப் பேச்ச வச்சிக்கினு என் வாசப்படிய மிதிக்காத" என்றார்.

பள்ளம் வெட்டி முடிந்தது. உடைத்த கல் கரையில் குவியலாகக் கிடந்தது. அப்போது பங்குச் சாமியார் ஒரு விஷயம் சொன்னார்: நியாயமாகப் பார்த்தால் இது ஓர் அடக்கம், இன்னாசியை இதற்குள் நிரந்தரமாக உட்காரவைக்கிறோம், ஆகையால் முறைப்படி மந்திரித்து, முதல் கைப்பிடியைச் சொந்தக்காரர் போட்ட பிறகுதான் மற்றவர் போட வேண்டும். அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. எங்களில் யாருடைய குழியிலும் வேறு மாதிரி நடந்ததில்லை. சொந்தக்காரர் என்றால் சற்குணம் ஒருத்திதான்.

சற்குணம் போடமாட்டேன் என்றாள்.

"தொம்மையண்ணன் அவரு வூட்டுல ஒரு வாய் இந்தத் தண்ணியக் குடிக்கட்டும். அப்புறம் போடறேன். இத மூடிட்டா அப்புறம் நான் யாரக் கேக்கறது?"

ஒரு வாரம் ஜேசிபி சும்மா நின்றது. தொம்மை சங்கத்தைக் கூட்டி, ஒருத்தியின் பிடிவாதத்துக்காக லைனே விஷம் குடிப்பதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பவுனம்மாவின் மருமகள் ஸ்டெல்லாவுக்குக் கால் இரண்டும் வீங்கி, அமுக்கினால் குழி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிட்னி என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டெல்லா அந்தக் காலோடு சற்குணத்தின் வீட்டுக்கு நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, உங்க வூட்டுக்காரு என் கிட்னியில கீறாரு."

"தெரியும்மா."

"எறக்கி விடுங்க அத்தை."

சற்குணம் அவளை உட்காரவைத்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிடித்துவிட்டாள். பிறகு, "நாளைக்குக் காலையில போட்டுடறேன், போ" என்றாள். "அவரு குடிச்சாலும் குடிக்காட்டியும் போட்டுடறேன்."

இதை ஸ்டெல்லா பவுனம்மாவிடம் சொன்னாள். பவுனம்மா லைனில் நாலு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். தன் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

மறுநாள் காலை ரயிலுக்குப் போக வேண்டியவர்கள்கூடப் போகவில்லை. தொம்மை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பள்ளத்துக்குப் புறப்படத் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது, வாசல் அடைத்துப் பெண்கள் நின்றார்கள். முன்னால் பவுனம்மா, இடுப்பில் குடம், கையில் தம்ளர். சற்குணம் பின்னால் சுவரோரமாக நின்றாள். கூட்டத்தை அவள் கூப்பிடவில்லை.

"இன்னா இது?"

"ஒண்ணுமில்லண்ணா," என்றாள் பவுனம்மா. "இன்னிக்கோட இன்னாசி போறாரு. எல்லா வூட்டுலயும் ஒரு வாய் பேசிட்டாரு. தலைவர் வூட்டுல மட்டும் பேசல. ஊர் மரியாதை."

"எனக்குச் சுகர்."

"இதுல சக்கரை போடலண்ணா."

"டாக்டரம்மா குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கேளு அவங்கள."

எல்லோரும் நூர்ஜஹானைப் பார்த்தார்கள். அவள் குடத்தைப் பார்த்தாள், சற்குணத்தைப் பார்த்தாள், பிறகு மிகவும் கவனமாக, "தினமும் குடிக்கக் கூடாது," என்றாள். "ஒரு வாயால ஒண்ணும் ஆயிடாது."

"சில்லுன்னு கீது. எனக்குப் பல்லு கூசும்."

"உனக்கு ஏதுண்ணா பல்லு? மேலயும் கீழயும் செட்டுதான."

யாரோ சிரித்தார்கள். தொம்மை சிரிக்கவில்லை. தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று கதவைச் சாத்தியிருக்கலாம், யாரும் கையைப் பிடித்திருக்கமாட்டார்கள். ஆனால் பெண்களுக்குப் பின்னால் சுவரோரத்தில் சற்குணம் நிற்பது அவருக்குத் தெரிந்தது.  கேட்டுக் கேட்டு முடித்த முகத்தோடு, இனிமேல் போட வேண்டிய தன் பானைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடு," என்றார் தொம்மை. வாங்கி, வாசற்படிக்கு உள்ளே ஓர் அடி பின்னால் போய், மருந்து குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். அவர் வாயிலிருந்து இன்னாசி பேசினார். அந்தக் காலத்து வயதில், விடியற்காலை அவசரத்தில், பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டேய் தொம்மை, பல்லுவலி எப்பிடிடா கீது? மூஞ்சி இப்பிடி வீங்கிக் கெடக்குது. நீ படுடா. உன் நம்பர்ல நான் எறங்கிடறேன். சற்குணம் அசந்து தூங்குது, எழுப்பல. எழுந்தா மட்டும் சொல்லிடு, சாயங்காலம் வந்துடுவேன்னு."

அங்கே நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சுரங்கத்து வாயில் கூப்பிடுவது பெயரை அல்ல, நம்பரை; நம்பரைக் கூப்பிட்டால் யாராவது ஒருவன் 'இருக்கேன்' என்றால் போதும், இருட்டில் முகத்தை யார் பார்க்கிறார்கள், அதனால் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் அவன் நம்பரில் இறங்குவது எங்கள் அப்பன்கள் எல்லோரும் செய்ததுதான், கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்பதும் எல்லோரும் அறிந்ததுதான். தொம்மைக்கு அப்போது வரிசையாக ஐந்து பெண் குழந்தைகள். மூடிக்கொண்ட குகைக்குள் தன் நம்பர் இருக்கிறது என்று சொன்னால் அந்த நம்பருக்குச் சம்பளம் நின்றுவிடும். வீங்கின கன்னத்தோடு எழுந்து போய், அன்றைக்கு நான் வேலைக்கே வரவில்லை என்று சொன்னார்; ஆளே நேரில் நின்றதால், நம்பரைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று ஆபீஸும் அதை அடித்துவிட்டது. சாயங்காலம் பம்பாய் என்று சொன்னார். பிறகு அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது.

தொம்மை கண்ணைத் திறந்தார். தாடையில் வழிந்த தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.  பவுனம்மா குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் பார்வையைச் சற்குணத்திடம் நிறுத்தினார்.

"இன்னா சொன்னேன் தங்கச்சி?" என்று கேட்டார்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சற்குணம் வாசற்படி வரைக்கும் வந்தாள். திட்டப்போகிறாள் என்று சிலர் நினைத்தோம், அழப்போகிறாள் என்று சிலர். அவள் தொம்மையின் கையிலிருந்த தம்ளரை வாங்கிப் பவுனம்மாவிடம் கொடுத்தாள்.

"சொல்லச் சொன்னத சொல்லிட்டீங்கண்ணா," என்றாள்.

பிறகு பள்ளத்துக்குப் போய், கரையில் குனிந்து நின்று, கையிலிருந்த கல்லை உள்ளே போட்டாள். அது அடிவரைக்கும் போய் விழுந்த சத்தம் கேட்டதும், ஜேசிபிக்காரனைப் பார்த்துக் கொட்டச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, புருஷன் செத்த அன்றைக்கு எப்படி அழ வேண்டுமோ அப்படி அழ ஆரம்பித்தாள்.